வெயில் பார்த்துத் திரும்பும் நிலம்

கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் கன்னிகாவின் இரண்டு ஏக்கர், வெள்ளம் வடிந்த மறுநாளிலிருந்து சூரியனைப் பார்த்துத் திரும்ப ஆரம்பித்தது. காலையில் கிழக்கு, உச்சியில் தெற்கு, பொழுது சாயும்போது மேற்கு. இரவில் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு வந்துவிடும். வெள்ளம் மாமரங்களை அடித்துக்கொண்டு போனதோடு நிலத்தைச் சுற்றி வட்டமாக அரித்தும் வைத்திருந்ததால், அடுத்தவர் வரப்பில் இடிக்கவில்லை. தகராறும் வரவில்லை. அந்த வாரம் ஊரில் தக்காளி விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். சேதம் பார்க்க வந்த அதிகாரி, அடித்துக்கொண்டு போன நிலத்துக்கும் மணல் மூடிய நிலத்துக்கும்தான் நிவாரணம், திரும்பிய நிலத்துக்குக் கிடையாது என்று தெலுங்கில் பொறுமையாக விளக்கினார். ஒரு சோலார் தகட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

நிலம் திரும்புவது கன்னிகாவுக்கு ஒரு கவலையே இல்லை. அவள் புருஷன் தீனா தடாப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வந்தான். நைனா எங்கே என்று யாராவது கேட்டால், மகள் அக்ஷயா செல்போனைக் காட்டினாள். தன் நிலத்தில் யாராவது மாம்பழக்கூழ் ஆலை வைத்தால் தீனா உள்ளூரிலேயே இருப்பான் என்பது ஒன்றுதான் அவளுடைய நினைப்பு.

முதல் போட ஆட்கள் வராமல் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு நிலம் மலிவு, சலுகைகள் உண்டு, சாலையும் புதிது. ஆனால் எங்கள் பக்கம் வாஸ்து பார்க்காமல் கோழிக்கூண்டுகூட வைக்க மாட்டார்கள். காலையில் வந்தவர்கள் நிலத்துக்குக் கிழக்கு வாசல் என்று பூரித்துப்போவார்கள். கன்னிகா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால், வாசல் எமன் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கை நனைத்த வீடு என்றும் பாராமல் காரைக் கிளப்பிவிடுவார்கள்.

திருவள்ளூர் கோகுலகிருஷ்ணன் முன்ஜாக்கிரதைக்காரர். திருப்பதியிலிருந்து வாஸ்து பார்க்கும் கண்ணபிரானைக் கையோடு கூட்டிவந்தார், திருஷ்டிப் பூசணியும் வாங்கிவந்தார். காலையில் எல்லாம் பொருந்தியது. ராகுகாலம் கழியட்டும் என்று பூஜையைத் தள்ளிவைத்ததுதான் வினை. கோகுலகிருஷ்ணன் பூசணியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது வாசல் தெற்கைப் பார்த்து நின்றது. பூசணியைக் கீழே வைத்துவிட்டு, இந்த வம்பே வேண்டாம் என்றார்.

கன்னிகா குறுக்கே வந்து நின்றாள்.

"சார், காலைல கெழக்க பாத்துக்கினு இருந்தத நீங்களே பாத்தீங்க. நாளிக்கும் பாக்கும். எங்கியும் ஓடிப்போற நெலமில்ல இது."

அவருக்கு மனம் இறங்கவில்லை. ஆனால் டிரைவர் காரை எடுத்துக்கொண்டு டீசல் தேடிப் போயிருந்தான், அவனைக் கூப்பிடலாமென்றால் செல்போனில் சார்ஜ் இல்லை. ஊரில் கரண்ட் இன்னும் ஒழுங்காக வரவில்லை. ஆலை வைக்க அதுவும் ஒரு தடை. ஊர் செல்போனெல்லாம் கன்னிகாவின் நிலத்தில் நட்ட தகட்டில்தான் உயிர் பிழைத்தன. அவரும் கடுப்போடு செருகிவிட்டு உட்கார்ந்தார். மாலையாகியும் தகடு வெயிலை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, உச்சிநேரத்தில் கொடுத்ததற்குக் குறையாமல் மின்சாரம் கொடுத்தது. டிரைவர் வந்து ஹாரன் அடித்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. இந்த நிலத்தில் ஆலை வைத்து, கூரை முழுக்கத் தகடு பதித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மலர்ந்தது. வாஸ்து மட்டும் உறுத்தியது.

கண்ணபிரான் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"தோஷம்னா ஒரு எடத்துல நிக்கணும் ஓய். இது நின்னாத்தானே?"

பூசணி அன்றே உடைந்தது. அடுத்த மாம்பழ சீசனுக்குள் ஆலை எழும்பி, மற்ற ஊர்களில் கரண்ட் போனாலும் இங்கே கூழ் பொங்கியது. தீனா இப்போது அங்கே இயந்திரம் ஓட்டுகிறான். காலை பஸ் ஆலைக்காரர்களைக் கிழக்குச் சாலையில் இறக்கிவிடும். பள்ளி விட்டு வரும் பஸ் மேற்குச் சாலையில் நிற்கும், வாசல் அந்நேரம் அங்கே வந்திருக்கும். அக்ஷயா இறங்கி "நைனா" என்று கூப்பிடுவாள். தீனா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வருவான்.