ரிசல்ட் வரட்டும்

ஆஸ்பத்திரி மாடியில் அண்ணன் வார்டு டாக்டர். கீழே, பிணவறையை ஒட்டிய சோதனைக்கூடத்துக்குத் தம்பி தலைவர். அண்ணன் தொட்டுப் பார்த்தே நோய் சொல்பவர். தம்பிக்கோ மைக்ராஸ்கோப்பில் தெரிந்தால்தான் அது நோய். வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இருவரும் கீரியும் பாம்பும்தான்.

முந்தின வருஷம் அண்ணனுக்குச் சறுக்கிவிட்டது. சாதாரணத் தொண்டைப்புண்ணையெல்லாம் டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் என்று முடிவுகட்டி, கையிருப்பு மருந்தை ஊசிபோட்டே தீர்த்துவிட்டார். நிஜமாகவே அந்த நோய் வந்தவர்களுக்கு இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்து மருந்து தம்பியின் பூட்டுக்குள். தொண்டைச் சளியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்த்து, அவர் சரி என்றால்தான் அலமாரி திறக்கும்.

ஒருநாள் காலை, ஆஸ்பத்திரிக்குப் போர்வை தைக்கும் தையல்காரி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். சின்னப் பெண். கழுத்து வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணன் வாயைத் திறக்கச் சொன்னார். உள்நாக்கைச் சுற்றிச் சாம்பல் படலம்; கூடவே அவருக்குப் பழகிய அந்த நோயின் நாற்றம். படியிறங்கி ஓடினார்.

"சாவியக் குடுடா."

"சளி எடுத்து அனுப்புங்கண்ணே. நாளைக்குக் காலையில சொல்லிடறேன்."

"அதுவரைக்கும் அந்தப் புள்ள மூச்சு விடணுமேடா!"

"போன வருஷமும் இப்படித்தானே அடிச்சுச் சொன்னீங்க?"

அண்ணன் அலமாரிப் பக்கம் திரும்பினார். பூட்டை உடைத்திருக்கலாம். ஆனால் சூடு கண்ட பூனை. இந்தத் தடவையும் தப்பாகிவிட்டால்? மாடிக்குத் திரும்பிச் சளியை எடுத்து அனுப்பினார்.

"ஊசி போடலையா டாக்டர்?" என்றாள் தையல்காரி.

"ரிசல்ட் வரட்டும்மா."

மத்தியானம் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்துப் பார்த்தார். படலம் அதற்கும் கீழே இறங்கியிருந்தது. பொழுது சாயுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. தாய் அழவில்லை. மகளின் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை தம்பி மாடிக்கே வந்தார்.

"நீங்க சொன்னது சரிதாண்ணே. அதே கிருமிதான். நல்லா வளர்ந்திருக்கு."

"அவளும் வளர்ந்திருப்பாடா."



வருஷக் கடைசியில் டாக்டர்கள் கூடிய சபையில் தம்பி பேசினார். புது முறை வந்தபின் மருந்து ஒரு துளிகூட வீணாகவில்லை, ஒரு முடிவுகூடப் பிசகவில்லை என்றார். அவர் சொன்ன உதாரணங்களில் அந்தப் பெண்ணும் இருந்தாள்; கிருமி சரியாகப் பிடிபட்ட கேஸாக. சபை கைதட்டியது.

"தம்பிய நெனச்சா பெருமையா இருக்குமே?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

சும்மா இருந்தால் போன வருஷக் கதையை யாராவது கிளறுவார்கள். அண்ணனும் தட்டினார்.