மீடியம் சட்டையின் சுற்றளவு

மூன்றாவது தடவையாகத் துணி குறைந்தது. ஆறாயிரம் ஓட்டப்பந்தயச் சட்டைகளுக்கு வரவழைத்த துணியில் ஐந்நூறு சட்டை விழவில்லை. பந்தயத்துக்குப் பன்னிரண்டே நாள். முழுச் சரக்கும் போகாவிட்டால் பந்தயம் நடத்துபவர்கள் இனி எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். வியர்வை உறிஞ்சும் அந்தத் துணியைத் தயாரிப்பது ஒரே ஒரு மில். அதன் முதலாளியோடுதான் எடை குறைகிறது என்று இரண்டு வருடமாக நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனி என் அண்ணனுடையது. கொள்முதல் என் தலையில், வியூகம் அவன் தலையில். போய்ச் சொன்னபோது வெள்ளைப் பலகையில் அம்புக்குறி வரைந்துகொண்டிருந்தான்.

"மில்ல மாத்து. கடல் தாண்டி மூணு மில் பிடி. ரிஸ்க்கப் பிரிச்சு வைக்கணும்."

"கப்பல் வர நாப்பது நாள் ஆகும்ண்ணா. பந்தயம் பன்னிரண்டு நாள்ல."

"அது உன் பிரச்சினை. நான் ஸ்ட்ராட்டஜி பேசுறேன்."

இவனோடு பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். கீழே வெட்டும் பகுதிக்குப் போய், துணிக்கணக்குப் போட்ட பழைய அளவு அட்டையையும் இப்போது வெட்டும் அட்டையையும் கட்டிங் மாஸ்டரிடம் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி எடுத்தார். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தேன். புது மீடியம் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் துருத்திக்கொண்டு நின்றது.

"என்ன மாஸ்டர் இது?"

"சாம்பிள் போட்டுப் பாக்குறது யாரு மேடம்?"

என் வீட்டுக்காரர். கம்பெனி தொடங்கியபோது அவர் கச்சிதமான மீடியம். அவருக்குப் பொருந்துவதே மீடியம் என்பது அன்றிலிருந்து இங்கே சட்டம்.

"ஒவ்வொரு சீசனும் 'கொஞ்சம் இறுக்குது மாஸ்டர்'னு சொன்னார். வீட்டு மாப்பிள்ளை. குண்டாயிட்டீங்கன்னு யார் சொல்றது? கொஞ்சம் விட்டுக் கொடுத்தேன். மீடியம் வளந்தா மத்த சைஸும் கூடவே வளருமில்ல."

முழுப் பூசணிக்காயைச் சட்டைக்குள் மறைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரரைக் கேட்டால், "நீதான நான் அப்படியே இருக்கேன்னு சொன்ன?" என்கிறார். சொன்னேன்தான். எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது, என் மேல்தான் அதிகம். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

மில் முதலாளியைப் போனில் கூப்பிட்டேன். "தப்பு எங்க பக்கம்தாங்க. உங்க எடை எப்பவுமே சரியாத்தான் இருந்திருக்கு."



"துணி நாலு நாள்ல ரெடியாயிரும் மேடம். ஆனா உங்க கடைசிக் கடிதத்தப் பாத்துட்டு, எடை போடுறவர வேலைய விட்டு அனுப்பிட்டேன். பதினோரு வருஷம் இருந்தவர். இப்ப நான் கூப்பிட்டா எடுக்க மாட்டார். நீங்களே பேசி வரவழைங்க. அவர் எடை போட்டாத்தான் வண்டி கிளம்பும்."

அந்தக் கடிதத்தில் 'திருடன்' என்று எழுதியிருந்தேன். முதலாளி கொடுத்த எண்ணை அழுத்தினேன். எந்தக் கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று மட்டும்தான் சொன்னேன்.

"மறுபடியும் குறைஞ்சிருச்சாம்மா?" என்று பதறினார் அவர். "நான் இப்ப அங்க இல்லையேம்மா."