குரல் கொடுக்காமல் வந்தவர்

படத்தை மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கியபோது ஆனந்தனுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆறடி உயரம், நான்கடி அகலம். சந்தவாசலில் தன் கடைக் கம்ப்யூட்டரில் அவனே பெரிதாக்கி, அவனே அச்செடுத்து, கெட்டி அட்டையில் ஒட்டி, வேனில் ஒவ்வொரு வளைவுக்கும் கையால் தாங்கிப் பிடித்து மலைக்குக் கொண்டுவந்த படம். மூலம் மிகப் பழையது. முகத்தில் கண்ணுக்குக் கீழே கோடு கோடாகப் பழுதாகியிருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதையும் சுத்தம் செய்திருந்தான். இப்போது முகம் பளிச்சென்று இருந்தது.

படத்தில் ஒரு பெண். இருபது வயதிருக்கலாம். இடுப்புக்கு மேலே துணியில்லை. பக்கத்தில் அடிக்கணக்கு குறித்த கம்பு ஒன்று நட்டிருந்தது. அவள் தலை அசையாமலிருக்க ஒரு ஆணின் கை பின்னாலிருந்து பிடரியைப் பற்றியிருந்தது. அந்தக் கைக்காரன் படத்துக்கு வெளியே இருந்தான்.

"உன் கடையிலயே சூப்பர் படம் இதாம்பா ஆனந்தா," என்றான் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் ராஜ்குமார். "இதுக்கு மட்டும் எக்ஸ்ட்ராவா ரெண்டு லைட்டு வுட்டுடவா?"

ஆனந்தன் சிரித்தான். அன்று வெள்ளிக்கிழமை. காலையில் படவேட்டில் ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு வந்த குங்குமம் அவன் நெற்றியில் இன்னும் இருந்தது.

அது ஒரு பழைய பங்களா. வின்டன் துரை நினைவுக்கூடமாக அதை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஜவ்வாது மலையில் நான்கு மாதம் தங்கி, பாதைகளையும் ஓடைகளையும் படமாக வரைந்து, செடிகொடிகளைப் பட்டியலிட்டு, முப்பத்தொன்பது வயதில் காய்ச்சலில் இறந்துபோன வெள்ளைக்காரர் அவர். ஓய்வுபெற்ற பேராசிரியர் சக்கரவர்த்தி அவருக்காகவே ஓர் அறக்கட்டளை தொடங்கி, பதினொரு வருடம் படியேறி இறங்கி இந்தக் கூடத்துக்கு அனுமதி வாங்கியிருந்தார். வாசல் பலகையில் ஆனந்தன் பெரிய எழுத்தில் எழுதி முடித்திருந்தான்: 'ஜவ்வாது மலையைக் கண்டுபிடித்தவர்.' ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் திறப்பு.

சனிக்கிழமை காலை ஆனந்தன் வந்தபோது படத்தின்மேல் ஒரு புடவை தொங்கியது. வெளுத்துப்போன நீலப் புடவை. இரண்டு ஆணிகளில் முடிச்சுப் போட்டு, கழுத்திலிருந்து கால்வரை மூடியிருந்தது.

கெங்கம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த மலையிலேயே ஊர் அவளுக்கு. கூடத்தைப் பெருக்கித் துடைக்க வருகிறவள். ஐம்பது வயது.

"யாருக்கா இத மாட்டுனது?"

"நான்தான். இன்னா இப்ப?"

"சார் பாத்தா கத்துவாரு."

"கத்தட்டும். நான் வேலை செய்ற எடத்துல ஒரு பொண்ண இப்டி நிக்க வச்சிட்டு என்னையே கத்துவாரா?" துணியைப் பிழிந்தாள். "நேத்து அந்த ஒயர்காரன் பல்லக் காட்டினான். நீயும்தான் காட்டின. நான் ஜன்னலாண்டதான் இருந்தேன்."

ஆனந்தனுக்கு முகம் சுட்டது. "பழைய போட்டோக்கா. அந்தக் காலத்துல ரவிக்கை போடற பழக்கமே இல்ல."

"ரவிக்கை இல்லன்னா மாராப்புமா இல்ல? அவ கையப் பாத்தியா நீ?"

அவன் புடவையை லேசாக விலக்கிக் கையை மட்டும் பார்த்தான். இடுப்பில் சுருட்டி இறக்கியிருந்த சேலையை அவள் ஐந்து விரல்களாலும் அள்ளிப் பிடித்திருந்தாள். மேலே இழுக்கப் பார்த்த பிடி அது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. எத்தனை மணி நேரம் இந்தப் படத்தோடு உட்கார்ந்திருந்தான்! இந்தக் கையை அவன் பார்க்கவே இல்லை. வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். படவேட்டில் அம்மனுக்குச் சேலை மாற்றும்போது திரை போடுவார்கள். அந்தத் திரையைப் பார்த்தபடி கைகூப்பி நிற்பவன்தான் அவன். வாயில் ஏதோ அழுகியதைக் கடித்தது போலிருந்தது.

"எங்க ஊர்ல சுனைக்குப் போறவங்க, பாறை திரும்பறதுக்கு முன்னாலயே குரல் குடுப்போம்," என்றாள் கெங்கம்மாள். "'வர்றேன், வர்றேன்'னு. ஆம்பளயோ பொம்பளயோ, எல்லாருக்கும் அதான். உள்ள குளிக்கிறவ 'இரு'ன்னா இருக்கணும். பதிலு வந்தாதான் போகணும். கண்டுபுடிச்சாரு கண்டுபுடிச்சாருன்னு வாசல்ல எழுதிக்கிறியே, இவரு குரல் குடுத்துட்டு வந்தாரா?"

"எனக்கு எப்டிக்கா தெரியும்?"

"தெரியாமயா எழுதுன?"

பேராசிரியர் ஒன்பது மணிக்கு வந்தார். புடவையைக் கண்டதும் அவிழ்த்துக் கீழே போட்டார்.

"யாரும்மா இது? வரலாற்று ஆவணம்மா. இந்த மலையில எடுத்த முதல் புகைப்படம். இதுக்கு எவ்வளவு மதிப்புன்னு தெரியுமா? நாளைக்கு இதையெல்லாம் மாட்டின, அப்புறம் வேலைக்கு வர வேணாம்." பிறகு ஆனந்தன் பக்கம் திரும்பி ஒரு தாளை நீட்டினார். "படத்துக்குக் கீழ இதை எழுதிடுப்பா."

ஆனந்தன் வாசித்தான். மலைப் பெண். வயது சுமார் 20. உயரம் நாலடி ஒன்பது அங்குலம். தலைச் சுற்றளவு. மூக்கின் அகலம். மார்பின் சுற்றளவு.

"பேரு இன்னா சார்?"

"யார் பேரு?"

"இந்தப் பொண்ணு பேரு. நான் கண்ணீர் அஞ்சலி போஸ்டரு, காதுகுத்து பேனரு எல்லாம் போடறவன் சார். பேரு இல்லாம ஒரு படமும் போட்டதில்ல."

"அவர் குறிச்சு வைக்கலப்பா."

"பக்கத்து ரூம்புல அவரு பாத்த நாப்பத்தாறு செடிக்கு நான்தான் பேரு எழுதுனேன். அவரு குதிரைக்குக்கூட பேரு இருந்துச்சு. பெஸ்ஸின்னு."

கெங்கம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். குரலில் கோபமில்லை.

"சார், அவரு எழுதுன புஸ்தகம் உங்ககிட்ட கீதுன்னு சொன்னாங்க. இவளப் பத்தி இன்னா எழுதிக்கிறாரு? படிங்க, கேக்கறேன்."

பதினொரு வருடத்தில் அந்த நாட்குறிப்பைப் படித்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பேராசிரியரின் முகம் மலர்ந்தது. கெட்டவர் அல்ல அவர். அந்தத் துரையின் கடைசிப் பக்கங்களைப் படித்துக் கண்கலங்கியவர். பையிலிருந்து நகலை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார்.

"மார்ச் பத்தொன்பது. காலை ஆறு மணிக்குச் சுனையை அடைந்தோம். குளித்துக்கொண்டிருந்த பெண்கள் உஷாராகிவிடாதபடி, ஓசையே இல்லாமல் நெருங்கினோம்…"

குரல் இறங்கியது. எதிரில் கெங்கம்மாள் நின்றிருந்தாள்.

"நிறுத்தாதீங்க சார்."

"ஏழு பேர் ஓடிவிட்டனர். ஒருத்தியைப் பிடிக்க முடிந்தது. சேலையை இறக்க இரண்டு ஆட்கள் தேவைப்பட்டனர். அவள்… அவள் அழுகையை நிறுத்தாததால் முகத்தில் கோடுகள் விழுந்து படம் சற்றுக் கெட்டது. அளவுகள் எல்லாம் திருப்தி. பிறகு சிற்றுண்டி."

ஆனந்தன் வெளியே ஓடினான். வேலியோரம் குனிந்து, காலையில் தின்ற இட்லியையெல்லாம் கக்கினான்.

கோடுகள். பழுது என்று நினைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவன் துடைத்த கோடுகள். துரை அவளுக்கு மிச்சம் வைத்தது அந்த அழுகை ஒன்றைத்தான். அதையும் இவன் கம்ப்யூட்டரில் மவுஸை நகர்த்தி நகர்த்தி அழித்துவிட்டு, முகம் பளிச்சென்று இருப்பதாகத் திருப்திப்பட்டிருக்கிறான். இந்தக் கையால்தான் நேற்றுக் காலையில் சாமி கும்பிட்டான்.

வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்தபோது பேராசிரியர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கெங்கம்மாள் அவருக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"நாப்பது தடவ படிச்சிருக்கேம்மா இதை," என்றார். "இங்கிலீஷ்ல படிக்கும்போது…"

"காய்ச்சல்ல செத்தாருன்றாங்களே. அப்ப யாரு பாத்துக்கிட்டது அவர?"

"உங்க ஊர்க்காரங்கதான். பதினாறு நாள் கஞ்சி ஊத்தியிருக்காங்க. தூக்கிட்டுப் போய் வெயில்ல உட்கார வச்சிருக்காங்க. அதுவும் எழுதியிருக்கார்."

"அவங்க பேரு?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"ஊரு ஜனங்க செஞ்சத எழுதி மாட்டுங்க. அந்தாளு படமும் இருந்துட்டுப் போவட்டும், அவரும் ஒருத்தி பெத்த புள்ளதானே," என்றாள் கெங்கம்மாள். "இவள மட்டும் எறக்கிடுங்க. சாமி சத்தியமா கேக்கறேன்."

பேராசிரியர் எழுந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஆனந்தன் ஏறி ஆணிகளைக் கழற்றினான். படத்தை முகம் சுவர்ப்பக்கமாக இருக்கும்படி சாய்த்து வைத்தார்கள். வாசல் பலகையைப் பற்றி ஆனந்தன் கேட்டபோது, "அதுக்கு யோசிக்கணும்பா, நாளைக்குப் பெரிய மனுஷங்க வர்றாங்க," என்று முனகினார். அவரால் அன்று அவ்வளவுதான் முடிந்தது. யோசிக்காமல் எழுதிய தனக்கு அவரைக் குறைசொல்ல வாயில்லை என்று ஆனந்தனுக்குத் தெரிந்திருந்தது.

கெங்கம்மாள் தரையில் கிடந்த புடவையை எடுத்து உதறி மடித்தாள்.

"தம்பி, இது ஒண்ணுதானே? வேற எங்கனா கீதா?"

வியாழக்கிழமை இரவு அவனுடைய ஆட்கள் இருநூறு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். நடுவில் தொப்பி வைத்த துரை. கீழே வலது மூலையில், உள்ளங்கை அகலத்தில், அவள்.

"கீதுக்கா," என்றான். "சந்தவாசல்லேர்ந்து அமிர்தி வரைக்கும்."

அவள் மடித்த புடவையோடு வாசலைப் பார்த்து நடந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அமிர்தி பஸ் நிறுத்தத்துக்கு அவன் வண்டியில் இறங்கி வரும்போது மணி ஒன்று. நிழற்குடையின் சுவரில் வரிசையாக ஏழு போஸ்டர். ஏழிலும் துரையின் முகத்தை யாரும் தொடவில்லை. மூலையில் இருந்தவள்மேல் மட்டும் எவனோ பேனாவால் கிறுக்கியிருந்தான். ஒன்றில் ஒரு கெட்ட வார்த்தை. ஒன்றில் ஒரு போன் நம்பர். இரண்டே நாளில். ஆனந்தன் பட்டி பார்க்கும் தகட்டை எடுத்துச் சுரண்டினான். பசை நன்றாகப் பிடித்திருந்தது. நல்ல பசை போடச் சொன்னதும் அவன்தான். நகத்தால் பிறாண்டினான். நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது. காகிதம் பொடிப்பொடியாக வந்ததே தவிர அவள் முழுசாக வரவில்லை.

"யோவ்!" எதிர்ச் சாரியில் டீக்கடை வைத்திருந்த நீலாவதி கத்தினாள். "நாளைக்குத்தானே விசேஷம்? இப்பவே இன்னாத்துக்குக் கிழிக்கிற? நீ யாரு?"

"இத அடிச்சவன்க்கா. தப்பா அடிச்சிட்டேன்."

அவள் ரோட்டைக் கடந்து வந்தாள். போஸ்டரைப் பார்த்தாள், அந்த மூலையைப் பார்த்தாள், அவன் விரலைப் பார்த்தாள். திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு அலுமினியக் குண்டானில் ஆவி பறக்கும் வெந்நீரைப் பிடிதுணியால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"காய்ஞ்ச பசை அப்டி வராது. இத மேலருந்து ஊத்து, ஊறட்டும்."

அவன் ஊற்றினான். காகிதம் மெல்லச் சுவரை விட்டது.

"இன்னும் எத்தினி கீது?"

"நூத்தித் தொண்ணூத்தி மூணு."

"அடக் கருமமே," என்று தலையில் அடித்துக்கொண்டாள். "சரி இரு. இன்னொரு தபா அடுப்புல வெக்கறேன். கேன்ல ஊத்தி எடுத்துக்கினு போ."