பக்கத்து வீட்டுக்கு வந்தவர்கள்

எடெல்கா அந்தத் தெருவுக்கு வாழ வந்து முப்பது வருஷமாயிற்று. எங்கோ தொலைவில், ஹங்கேரியின் கிழக்கு எல்லையில், ஒரு ஜிப்ஸி குடியிருப்பில் பிறந்தவள் அவள் என்பது கணவனுக்கு மட்டும்தான் தெரியும். அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

பக்கத்து வீட்டு பாலிந்த், மகளோடு போய் இருக்கலாமென்று வீட்டை விற்க முன்வந்தார். பார்க்க வந்தது ஒரு ஜிப்ஸி குடும்பம். சுவர் பூசும் மேஸ்திரி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள்.

"ஓடாதடி, விழுந்து வைக்கப்போற" என்று அந்தத் தாய் தங்கள் பாஷையில் அதட்டினாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எடெல்கா தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். அந்தத் தாய் முகம் மலர்ந்து, அதே பாஷையில் கேட்டாள்: "அக்கா, நீங்க எந்த ஊரு?"

"நீ பேசறது எனக்குப் புரியல" என்று ஹங்கேரிய மொழியில் சொல்லிவிட்டு எடெல்கா உள்ளே போய்விட்டாள்.

மாலையில் தெருவே பாலிந்தின் கூடத்தில் கூடியது. எதிர்வீட்டு கெல்லேர்தான் ஆரம்பித்தார்.

"ஒரு குடும்பம் நுழைஞ்சா போதும் பாலிந்த். அப்புறம் நம்ம வீட்ட எவனும் பாதி விலைக்குக்கூடக் கேக்கமாட்டான்."

"சுவத்த ஒட்டி இருக்கப்போறது எடெல்கா அக்காதான். அவங்க சரின்னா குடுத்துடறேன்" என்றார் பாலிந்த்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எனக்கும் இருக்கறது இந்த வீடு ஒண்ணுதானே" என்றாள். அதுவே போதுமாயிருந்தது. பாலிந்த் அந்தக் குடும்பத்துக்கு இல்லையென்று சொல்லிவிட்டார்.

வேறு யாரும் வாங்கவில்லை. பாலிந்த் பூட்டிவிட்டுப் போனார். மழையில் கூரை இறங்கியது. பாழடைந்த வீட்டைப் பார்த்தே தெருவின் விலை சரிந்தது.

எடெல்காவுக்குப் பட்டப்பகலில் சுவருக்கு அப்பால் குழந்தைகள் ஓடும் சத்தம் கேட்கத் தொடங்கியது. பின்னாலேயே அந்தத் தாயின் அதட்டல். போய் எட்டிப் பார்த்தால் முழங்கால் உயரப் புல்தான். காதைப் பொத்திக்கொண்டாலும் விடவில்லை. "அக்கா, நீங்க எந்த ஊரு?"

ஒரு நாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது தாங்கமாட்டாமல் பதில் சொன்னாள். முப்பது வருஷமாக வாயில் வராத பாஷையில் ஊர்ப்பெயர், அம்மா பெயர், எல்லாம் சொன்னாள்.

வேலியோரம் கெல்லேரின் மனைவி நின்றிருந்தாள்.

"யார்கிட்ட பேசறீங்க? என்ன பாஷை இது?"

"எங்கம்மா பாஷை."

"அப்ப இத்தன வருஷமா நீங்க..." முடிக்காமல் அவள் நகர்ந்துவிட்டாள்.

அந்த வாரமே கெல்லேர் வீட்டில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது. பார்க்க வந்தவர்கள் எடெல்காவின் வாசலைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவள் ஜன்னலைச் சாத்தவில்லை. சுவருக்கு அப்பால் குழந்தைகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள்.