சாலையைத் தாண்டிய படகு

மர்யூத் ஏரிக்காரர்கள் வீட்டில் மணப்பெண் படகில்தான் புகுந்த வீடு போவாள். ஏரிக்கு நடுவே மண் கொட்டிப் பெரிய சாலை போட்ட பிறகு வந்த முதல் கல்யாணம் என் அக்கா மகள் நஜ்லாவுடையது. மாப்பிள்ளை வீடு சாலைக்கு அந்தப் பக்கம். காரில் கூட்டி வருகிறோமே என்று கேட்டுப் பார்த்தோம். மாப்பிள்ளை ஷெஹாத்தாவின் அம்மா, மகன் பேரை வைத்தே எல்லாரும் உம் ஷெஹாத்தா என்று கூப்பிடுபவள், மசியவில்லை.

"கார்ல வர்ற மருமக, கோவம் வந்தா கார்லயே திரும்பிடுவா. தண்ணி மேல வந்தாத்தான் என் வாசப்படி."

அக்கா புருஷன் குத்ப் கவலைப்படவில்லை. கோடையில் சாலைக்கு அடியிலிருந்த மதகு வழியாகக் குனிந்தபடி படகை ஓட்டிப் போய் வந்தவர் அவர். அதனால் மேளமும் பாட்டுமாகக் கிளம்பினோம்.

மதகுக்கு வந்தோம், மேளம் நின்றுபோனது. அதன் மறுபக்கத்து வாயை யாரோ கட்டட இடிபாட்டைக் கொட்டி அடைத்துவிட்டிருந்தார்கள். முந்தின வாரத்து மழையும், புதுக் குடியிருப்புகளின் சாக்கடையும் எங்கள் பக்கமே தேங்கி, மதகின் கூரையை முட்டிக்கொண்டு நின்றது தண்ணீர். ஒரே ஏரி, இரண்டு மட்டத்தில் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

"மச்சான், இதுல எலிதான் போகும்," என்றேன். குத்ப் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

இறங்கிச் சாலையைத் தாண்டலாமே என்று நஜ்லாவிடம் சொன்னேன். அவள் படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்கினா நடந்து வந்தவள்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும் அந்தம்மா. மாமா, நீ சிமெண்ட் மூட்டை தூக்குற ஆளுதானே? நான் என்ன அதைவிடக் கனமா?"

காலையிலேயே மூட்டை சுமந்து ஓய்ந்த தோள்தான். ஆனாலும் கொடுத்தேன். ஆண்கள் எல்லாரும் கொடுத்தார்கள். பெண்ணோடு படகு கரைமேட்டில் ஏறியது. அடியில் கசிந்திருந்த தண்ணீர் எங்கள் கழுத்தில் வடிந்தது. அக்கா மேளத்தை உயர்த்திப் பிடித்தபடி நடுச்சாலையில் போய் நின்றாள். ஒரு லாரி கிறீச்சென்று நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினான்.

"மீன் எங்க போகுது?"

"கல்யாணத்துக்கு!"

கல்யாணத் தாளத்தில் ஹார்ன் அடித்தான் பாருங்கள், பின்னால் நின்ற அத்தனை வண்டியும் சேர்ந்துகொண்டது. அந்தச் சத்தத்தில் எனக்குத் தோள்வலியே தெரியவில்லை.

அந்தப் பக்கம் இறங்கினால் வெறும் சேறு. படகை வைத்தோம், அசையவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் படகுகள் தூரத்தில், தண்ணீர் மிச்சமிருந்த இடத்தில் காத்து நின்றன. மாப்பிள்ளை ஷெஹாத்தா புதுச் சட்டையோடு சேற்றில் குதித்து ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவன் அம்மா.

உம் ஷெஹாத்தா படகுக்குள் கைவிட்டாள். நஜ்லாவின் பாதத்தடியில் எங்கள் பக்கத்துத் தண்ணீர் இன்னும் தளும்பிக்கொண்டிருந்தது. அதை ஒரு கை அள்ளிப் பார்த்தாள்.

"எங்க பக்கம் இல்லாததைச் சீதனமாக் கொண்டாந்திருக்கா," என்றாள்.

பிறகு அவள் விட்ட குலவை சாலை வரைக்கும் கேட்டிருக்கும். எல்லாருமாகப் படகைச் சேற்றில், தண்ணீர் இருந்த இடத்தை நோக்கித் தள்ள ஆரம்பித்தோம்.