தண்ணீரின் மேல் போட்ட பழி

தங்கச் சுரங்கம் இருந்த எங்கள் கோரமண்டலில் பதினாறு வருஷமாகப் பார்லர் வைத்திருக்கிறேன். முடி கொட்டுகிறது என்று வந்து உட்கார்ந்த ஒருத்தியிடமும் இதுவரை நான் வேறு காரணம் சொன்னதில்லை. தண்ணீர்தான் என்பேன். அவர்களும் அதைக் கேட்கத்தான் வருகிறார்கள். எங்கள் ஊரில் முகம் கறுத்தாலும், பல்லில் கறை படிந்தாலும், பருப்பு வேகாவிட்டாலும் தண்ணீரைத்தான் திட்டுவோம். போர் தண்ணீர் பிடித்து வைத்த பக்கெட்டில் மூன்றே நாளில் வெள்ளையாக ஒரு படலம் ஏறிவிடும். அதை நகத்தால் சுரண்டிக் காட்டினால் போதும், யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள். பத்துக்கு எட்டுப் பேர் விஷயத்தில் நான் சொன்னது சரியாகவும் இருந்திருக்கிறது. அந்தத் திமிரில்தான் என் தங்கச்சிக்கும் அதையே சொன்னேன்.

தங்கச்சி லவினாவுக்கு இப்போது இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று பெங்களூர் டாக்டர் சொன்னார். அந்த ஆறு மாதமும் அவள் என் பேச்சைக் கேட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள்.

லவினா குடியிருந்தது ஒரு பாய்மரப் படகில். சொன்னால் இங்கே இன்னும் சிரிக்கிறார்கள். பாதாளத்துக்குள் இறங்கிப் பிழைத்த குடும்பம் நாங்கள். கடலை வேளாங்கண்ணிக்குப் போனபோது ஒரு தடவை பார்த்ததோடு சரி. அவள் எட்டு வருஷம் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு நின்றுகொண்டே போய், ராத்திரி நின்றுகொண்டே திரும்பி வந்தாள். அப்புறம் நோயலைக் கட்டிக்கொண்டாள். நோயலின் அப்பா இங்கே ஃபேக்டரியில் ஃபிட்டர். மகனுக்கு டீசல் எஞ்சின் என்றால் உயிர். வெளிநாட்டில், லங்காவித் தீவில், படகு பழுது பார்க்கிற யார்டில் அவனுக்கு வேலை கிடைத்தது. இரண்டு வருஷத்தில் யாரோ கைவிட்டுப் போன பழைய படகு ஒன்றைச் சரிசெய்து, அதிலேயே குடித்தனம் போட்டுவிட்டார்கள். போனில் காட்டினாள். எங்கள் அப்பாவுக்குக் கம்பெனி கொடுத்த லைன் வீட்டின் முன்னறை அளவுகூட இல்லை. ஆனால் அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "இங்க யாரும் என்ன இடிச்சிக்கினு நிக்கறது இல்லக்கா" என்றாள்.

அவள் போன் செய்ததெல்லாம் ஆரம்பத்தில் தொழில் சம்பந்தமாகத்தான். படகில் நல்ல தண்ணீர் அளந்துதான் செலவு. உடம்பு கழுவ ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் என்று நோயல் சட்டம் போட்டிருந்தான். கடல் தண்ணீரில் குளியல் சோப்பு நுரைக்கவே நுரைக்காது, ஆனால் பாத்திரம் கழுவுகிற லிக்விட் நுரைக்கும் என்று அவளே கண்டுபிடித்தாள். கடல் தண்ணீரில் அலசி, கடைசியில் ஒரே ஒரு செம்பு நல்ல தண்ணீர். அந்தச் செம்பையும் நான் மிச்சம் பிடித்துக் கொடுத்தேன். பார்லரில் முடி வெட்டும்போது அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில் ஒன்று வாங்கிக்கொள், வேரில் மட்டும் அடி, அரை செம்பு போதும் என்றேன். டேங்கர் வராத வாரங்களில் நான் அப்படித்தான் தொழில் நடத்துகிறேன். இந்த விஷயத்தில் கடலுக்கும் கோரமண்டலுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

கயிறு சுற்றுகிற உருளையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டச் சொன்னேன். பிளக்கர், ஹேர்பின் எல்லாம் பத்து நாளில் துருப்பிடித்தபோது வாசலின் தடவித் துணியில் சுற்றி வைக்கச் சொன்னேன். புருவத்துக்கு நூல் போடப் படகு ஆடாமல் இருக்கவேண்டும். நங்கூரம் போட்ட நாளாகப் பார்த்து, மல்லாந்து படுத்துக்கொண்டு போடு என்று வீடியோவில் காட்டினேன். சர்க்கரையும் எலுமிச்சையும் காய்ச்சி வேக்ஸ் செய்து, பக்கத்துப் படகுப் பெண்களுக்கெல்லாம் போட்டுவிட்டாளாம். மாதவிலக்குக்கு கப் பயன்படுத்துவது பற்றி எனக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். குப்பையைக் கடலில் போட முடியாதே. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிச் சிரித்திருக்கிறோம். அம்மா போன பிறகு நாங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்தது அப்போதுதான்.

போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டாள். படகின் அடியில் சேருகிற தண்ணீரை வெளியே இறைக்க ஒரு பம்ப் உண்டு. அது நின்றுபோய், நோயல் பிரித்துப் பார்த்தானாம். உள்ளே கை நிறைய அவளுடைய முடி. அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முகத்தைக் காட்டச் சொன்னேன். மூக்குக்கு இரண்டு பக்கமும், கன்னத்தில், சிவப்பாகப் பட்டை பட்டையாக இருந்தது. வெயில் என்றேன். முடி எதனால் கொட்டுகிறது என்று கேட்டாள்.

"தண்ணிதான்டி" என்றேன். "உப்புத்தண்ணிய தலையில ஊத்திக்கினா முடி இன்னா பண்ணும்? எண்ண வெச்சி ஸ்கார்ஃப் கட்டு, எல்லாம் நின்னுடும்."

யோசிக்கக்கூட இல்லை. ஒரு கஸ்டமருக்கு ஃபேஷியல் போட்டுக்கொண்டே, ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு சொன்னேன். அதற்கப்புறம் விரல் மூட்டெல்லாம் வலிக்கிறது என்றாள். கயிறு இழுத்தால் வலிக்காதா என்றேன். வாயில் புண் என்றாள். வைட்டமின் மாத்திரை போடு என்றேன். கடைசியில் கணுக்கால் வீங்கி, செருப்புக்குள் பாதம் நுழையவில்லை என்றாள். உப்பைக் குறை என்றேன். எனக்குத் தெரியாதது என்று ஒன்று இருக்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் காலையில் படகின் தளத்திலேயே விழுந்துவிட்டாள். அங்கே ஆஸ்பத்திரியில் பெயர் சொன்னார்கள்: லூபஸ். உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்குகிற நோயாம். முடியும் முகமும் மூட்டும் அது முன்கூட்டியே அனுப்பிய தகவல்தானாம். தகவல் எல்லாம் எனக்குத்தான் வந்தது. நான்தான் எண்ணெய் தடவி அனுப்பினேன்.

இங்கே கூட்டிக்கொண்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. படகு அங்கே கரையில் ஏற்றி நிறுத்தப்பட்டிருக்கிறது. நோயல் பெங்களூரில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் வருவான், திங்கட்கிழமை போவான். முதல் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"நீங்க தண்ணின்னு சொன்னீங்கன்னுதான் நாங்க சும்மா இருந்தோம்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், என் வாய்க்கு ஊரே பயப்படும். என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று டெஸ்ட்டுக்குப் போனேன். எனக்கு முற்றிய சர்க்கரை, வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுவும் இல்லை என்றானபிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்பதுதான் பாக்கி. அதைக் கேட்பதற்குள் எட்டு மாதம் போய்விட்டது. டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிற காரில் ஒவ்வொரு முறையும் வாயைத் திறப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அடுத்த முறை என்று மூடிக்கொள்வேன். கேட்காமலே அவள் போய்விட்டால் என்ன செய்வேன்?

போன சனிக்கிழமை மதியம் அவளே பார்லருக்கு நடந்து வந்தாள். வீட்டிலிருந்து நாலு கட்டிடம் தள்ளித்தான், ஆனாலும் இரண்டு இடத்தில் நின்றுதான் வந்திருப்பாள். முடியை ஒட்ட எடுத்துவிடு என்றாள். அங்கங்கே சொட்டையும் நடுவில் நீளமுமாகத் தொங்குவதைப் பார்க்கப் பிடிக்கவில்லையாம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தலை கழுவுகிற நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தேன். இடது கையில் ஊசி போடுகிற இடம் தடித்து நிற்கிறது. அது இடிபடாமல் தலையணை ஒன்று வைத்தேன். கேன் தண்ணீரைச் சூடுபண்ணி ஊற்றினேன். என் கையில் அவள் தலை சின்னக் குழந்தையின் தலை மாதிரி இருந்தது. கழுவக் கழுவ முடி விரலோடு வந்தது.

அவள் முகம் மேலே பார்த்து இருந்தது, நான் பின்னால் நின்றேன். ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"லவி, நான் உன்ன கெடுத்துட்டன்டி" என்றேன். "டாக்டர பாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ இப்படி ஆயிருக்க மாட்ட. என்ன மன்னிச்சிரு."

தண்ணீர் சிங்க்கில் இறங்குகிற சத்தம்தான் கேட்டது. அப்புறம் சொன்னாள். முடி கொட்டுகிறது என்று எனக்குப் போன் பண்ணின அன்றைக்குக் காலையில் அவள் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாளாம். துறைமுகத்துக்குப் பக்கத்து கிளினிக்கில் ஒரு பெண் டாக்டர். கன்னத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டதாம். உடனே ரத்தம் கொடு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும், கொஞ்ச காலம் கரையிலேயே இரு என்று சீட்டு எழுதிக் கொடுத்தாராம். அந்தச் சீட்டை நோயலிடம் காட்டவில்லை. ஹேர்பின் டப்பாவில் மடித்து வைத்துவிட்டாள்.

நான் கையை எடுத்துவிட்டேன்.

"அப்புறம் இன்னாத்துக்குடி எனக்கு போன் பண்ண?"

"நீ தண்ணின்னுதான் சொல்லுவேன்னு தெரியும்க்கா. அத கேக்கத்தான் பண்ணேன்." அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "கரைக்கு வந்தா மறுபடி அந்த ரயிலு, அந்தக் கூட்டம். என்னால முடியாது. ஸ்பீக்கர்ல போட்டு நோயலையும் கேக்க வெச்சேன். பதினாறு வருஷமா பார்லர் வெச்சிருக்கா, அக்காவுக்குத் தெரியாதான்னு சொன்னேன்."

எனக்கு அவளை அடிக்கவேண்டும் போல இருந்தது. நிஜமாகவே கை ஓங்கிவிட்டது. எங்கே அடிப்பது? இடது கையில் ஊசித் தழும்பு, தலையில் புண், முதுகில் எலும்பு. எட்டு மாதமாக நான் சோறு சரியாகத் தின்னவில்லை. சர்ச்சில் பூசைக்குப் போனால் பாவத்தோடு நன்மை அப்பம் வாங்கப் பயந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இவளுக்கு அதெல்லாம் தெரியும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மன்னிப்புக் கேட்க வந்தவள் நான்; இப்போது கொடுக்கவும் மனசில்லை, கேட்கவும் ஒன்றுமில்லை.

"நோயல்கிட்ட நீயே சொல்லிடு" என்றேன்.

"வேணாம்க்கா." அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. என் முந்தானையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். "உன் மேல இருக்கிற கோவத்துலதான் அவன் தெம்பா நிக்கறான். அது என் பக்கம் திரும்பிச்சுன்னா நான் எங்க போவேன்? அவன் போயிட்டா எனக்கு யாரு? நீ அக்கா. நீ கோச்சிக்கினாலும் என்ன விட்டுட்டுப் போவ மாட்ட."

எனக்கு அழுகை வந்தது. அது அவளுக்காக வந்த அழுகை என்று சொன்னால் பொய். எனக்காகத்தான் அழுதேன். அழுதுகொண்டே அவள் தலையைத் துவட்டினேன். பிறகு ட்ரிம்மரை எடுத்து ஒட்ட எடுத்துவிட்டேன். புண் இருந்த இடங்களில் கத்தரியால் மெல்ல வெட்டினேன். முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

நோயல் ஸ்டேஷனிலிருந்து நேராகப் பார்லருக்கே வந்துவிட்டான். வீடு பூட்டியிருந்ததாம். குனிந்து ஷட்டருக்குள் நுழைந்தவன் அவள் தலையைப் பார்த்து அப்படியே நின்றான். தரையில் கிடந்த முடியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இதுவும் உங்க யோசனதானா?"

லவினா மடியில் கிடந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறடி என்று மனசுக்குள் கத்தினேன். முடி எடுக்கவாவது தான்தான் சொன்னதாக அவள் சொல்லலாம், அதில் யார் குடியும் முழுகிவிடாது. அவள் துண்டின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஆமா" என்றேன். "நான்தான் சொன்னேன்."

அவன் அவள் வலது கையைப் பிடித்து மெதுவாக எழுப்பினான். ஷட்டரை அவள் தலையில் இடிக்காதபடி ஒரு கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டான். வெளியே இறங்கியதும் அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு நடந்தாள்.