சம்பந்தி உட்கார்ந்த இடம்

1

இந்தக் கதை, இசிக்-குல் ஏரிக்கரையிலுள்ள சோல்பான்-அட்டா படகுத்துறையில் என் காதில் விழுந்த ஒரே வரியிலிருந்து வந்தது: "சம்பந்தியை எழுப்புங்க, இல்லைன்னா இஞ்சின் மூழ்கிடும்!" மீதியெல்லாம் என் கைவேலை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'இசிக்-குல் ஏரி அன்று நீலமாக…' (அடித்துவிட்டேன். என்றைக்கு அது சிவப்பாக இருந்தது?)

2

தன் மகளைப் பெண் கேட்டு வந்த தொக்தோகாசியையும் அவர் மனைவியையும் புருல்கான் தங்கள் படகில் ஏற்றினாள். ஏறும் வழி முன்பக்கம். அந்த ஊர் வழக்கத்தில் வாசலிலிருந்து தள்ளியிருக்கும் இடம்தான் மரியாதை இடம்; அப்படியானால் படகின் பின்பக்கம்தான் பெரியவர்களுக்கான இடம் என்று அவள் கணவன் தெமிர்குல் மெத்தைகளை அங்கே விரித்திருந்தான். சம்பந்திகள் இருவரும் சேர்ந்தால் ஒரு நல்ல குதிரை எடை. படகின் பின்பக்கம் அமிழ்ந்தது; பின்னால் நீட்டியிருந்த இஞ்சின் புகைக்குழாயின் வாய் தண்ணீருக்குள் போய்விட்டது.

"குழாய்க்கு ரப்பர் மூடி இருந்துச்சே, எங்கேங்க?" என்று கணவனைக் கேட்டாள் புருல்கான்.

"கிழிஞ்சு போச்சு. இஞ்சின் ஓடுற வரைக்கும் புகையே தண்ணியைத் தள்ளிடும்."

"நிறுத்தினா?"

"நிறுத்தப் போறது யாரு?"

3

தொக்தோகாசி இரு கைகளையும் ஏந்தினார். "சம்பந்தி, இந்தச் சத்தத்துல எப்படி ஆசி சொல்றது? நிறுத்துங்க அதை."

ஆசி சொன்னால்தான் கல்யாணம் உறுதி. நிறுத்தினால் ஏரி குழாய் வழியே இஞ்சினுக்குள் ஏறும்; குடும்பத்தின் பிழைப்பே அந்த இஞ்சின்தான். பின்பக்கம் எழும்ப, அவர்களை முன்னால் வந்து உட்காரச் சொல்லலாம். ஆனால் விருந்தாளியை வாசலோரம் உட்காரவைத்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

"நீ சொல்லு, உனக்குத்தான் வாய் இருக்கு" என்றான் தெமிர்குல் மனைவியிடம்.

"மெத்தை விரிச்சது என் வாயா?"

"என்ன முணுமுணுப்பு?" என்றாள் சம்பந்தியம்மா. "பொண்ணு தர மனசில்லையோ?"

4

முடிவு ஒன்று: தெமிர்குல் நிறுத்துகிறான். தொக்தோகாசி ஏழு தலைமுறை முன்னோர் பெயரையும் சொல்லி ஆசி முடிப்பதற்குள் இஞ்சின்… (வேண்டாம். கொல்லக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: புகைக்குழாயை ஒரு வளைவு மேலே ஏற்றிப் பின் இறக்கியிருந்தால் தண்ணீர் ஏறியிருக்காது. (உண்மைதான். கதையும் இருந்திருக்காது.)

மூன்று: தெமிர்குலின் கை இஞ்சினை நிறுத்தும் விசைக்குப் போகிறது. புருல்கான் குறுக்கே புகுந்து கேட்கிறாள்:

"சம்பந்தியம்மா, ஒண்ணு கேக்கறேன். நீங்க இன்னும் விருந்தாளியா, இல்லை இனி எங்க வீட்டு மனுஷியா? வீட்டு மனுஷின்னா எங்க வேணா உக்காரலாமில்ல?"

அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

அதற்குமேல் எனக்குக் கேட்கவில்லை, இஞ்சின் சத்தம். அவள் பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். சீக்கிரம், அவன் கை விசையில் இருக்கிறது.